ஒரு விளையாட்டு போதும்

மகள் நேத்ரா நீச்சல்குளத்துச் சுவரைத் தொட்டதும் அமுதவல்லி ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். ஒரு நிமிஷம் பதினான்கு. சரியாகத்தான் அழுத்தினோமா, விரல் அரை நொடி பிந்திவிட்டதா என்று ஒரு சந்தேகம் வந்தது. விரலைக் குறை சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. போன வாரமும் விரல்தான் காரணம். அதற்கு முந்தின வாரம் கண்ணில் வெயில் அடித்தது. குளத்தின் நீளத்தை நான்கு தடவை கடந்தால் நூறு மீட்டர், நடுவில் மூன்று இடத்தில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன் இதே பெண் இதே தண்ணீரில் ஒன்று பன்னிரண்டில் வந்தாள். அன்றைக்குப் பயிற்சியாளர் ரிச்சர்ட் சார் குளக்கரையில் நின்றபடி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார், இன்னும் இரண்டு நொடி, இரண்டே நொடி குறைத்தால் மாநிலத் தேர்வு என்று. இன்றைக்கு அவர் விரல் எதையும் தூக்கவில்லை. குனிந்து என்னவோ சொன்னார். நேத்ரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடியும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டாள். என்ன சொன்னார் என்பது இவ்வளவு தூரத்தில் கேட்காது. இந்த சிமெண்ட் படிகளில் உட்கார்ந்தால் குளோரின் வாடையும் தண்ணீரை அடிக்கிற சத்தமும்தான் வரும், பேச்சு வராது. கீழ்ப்படியில் நான்கு அம்மாக்கள் ஒரு டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து டியூஷன் மாஸ்டர் ஒருவரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வருஷம் அவளையும் கூப்பிட்டார்கள். அவள் ஸ்டாப்வாட்சைக் காட்டி, நேரம் பார்க்கணும், என்று சொல்லி மேல்படியிலேயே இருந்துவிட்டாள். பிறகு யாரும் கூப்பிடவில்லை. நான்கு வருஷமாக நான்காவது படி அவளுடையது. அங்கே வேறு யாரும் உட்காருவதில்லை, கைப்பையைக்கூட வைப்பதில்லை.

இரண்டு நொடி என்பது எவ்வளவு என்று அவள் வீட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறாள். அடுப்பைப் பற்றவைக்கிற நேரம். செருப்பை மாட்டுகிற நேரம். 'மேடம், இந்த வயசுல முடிவு பண்ணணும்,' என்று ரிச்சர்ட் சார் அன்றைக்கு வாசலில் நிறுத்திச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளை அடிக்க மாட்டார், கத்தவும் மாட்டார், அதனாலேயே அவர் சொல்வதை மறுக்க முடிவதில்லை. 'பதிமூணு வயசு ஆச்சு. வாரத்துல மூணு நாள் இங்க, மூணு நாள் ஸ்கூல்ல கோ-கோ. ரெண்டுலயும் பாதிப் பாதியா நிக்கறா. அங்க கம்பத்துல திரும்பறப்ப ஒருநாள் கணுக்கால் மடங்குச்சுன்னா ஒரு வருஷம் போயிடும். ஒரு விளையாட்டு போதும் மேடம். ஒண்ணைப் பிடிச்சா அது எங்கயாவது கொண்டு போய் சேர்க்கும்.' அந்தக் கடைசி வாக்கியம் அமுதவல்லியின் விலாவுக்குக் கீழே எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. அவளிடம் ஒரு சான்றிதழ் ஃபைல் இருக்கிறது, பச்சை நிறம், அலமாரியில் புடவைகளுக்கு அடியில். பூப்பந்து, எறிபந்து, நீளம் தாண்டுதல், நானூறு மீட்டர், ஒரு வருஷம் ஹாக்கிகூட. பள்ளியில் எதற்குக் கூப்பிட்டாலும் போனாள், எதில் விட்டாலும் ஆடினாள், மைதானம் என்றால் போதும். இருபத்திரண்டு வயதில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது கண்ணாடி போட்ட ஒருவர் அந்த ஃபைலைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். திருப்பி முடித்து, 'எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்மா,' என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்து உள்ளே போன பெண்ணிடம் நான்கே சான்றிதழ், நான்கும் வாலிபால். அவளுக்குக் கிடைத்தது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். இருபது வருஷமாகக் குழம்புக்கு உப்புப் போடும்போதும், தையல் வகுப்புக்குப் பணம் கட்டிப் பாதியில் நின்றபோதும், யாராவது, நீங்க என்ன பண்றீங்க, என்று கேட்கும்போதும் அந்தக் குரல் வந்துவிடும். ஆனால் அந்த நீளம் தாண்டும் குழியின் மணல், காலை ஈரத்தில் அது கணுக்காலில் ஒட்டுவது, அப்படியே போய்ப் பூப்பந்து மட்டையை எடுப்பது. அதில் என்ன குறை இருந்தது, அப்போது ஒரு குறையும் தெரியவில்லையே. குறை அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதானே வந்தது. சரி, அப்படியே இருக்கட்டும், மேஜை இல்லாமல் எங்கே வாழ்வது. பெண்ணும் ஒருநாள் ஒரு மேஜைக்கு முன்னால் போய் உட்காரத்தானே வேண்டும்.

அதனால்தான் செய்தாள். அதற்காகத்தான். அவள் மனம் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், அதற்காகத்தான், என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டது. அன்று மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர் பிரபாகர் கூட்ஸ் ரயில் ஓட்டுகிறவர். இரவெல்லாம் என்ஜினில் நின்றுவிட்டு விடிந்து வருவார், பகலில் தூங்குவார், அல்லது நள்ளிரவில் வந்து மறுநாள் முழுக்கத் தூங்குவார். எப்போது அழைப்பு வரும், எப்போது போவார் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. பொன்மலை குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒன்றில் அவர் தூக்கம். தூங்காமல் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று கல்யாணமான புதிதில் ஒருதரம் சொன்னார். அதிலிருந்து அந்தத் தூக்கத்துக்கு அவள் காவல். கதவுக் கீல்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் விடுவாள். குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். டிவியில் சத்தமில்லாமல் படம் மட்டும் ஓடும். நேத்ரா பேசக் கற்றுக்கொண்டதே ரகசியக் குரலில்தான், பாலர் பள்ளியில், குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது பிரச்சினையா, என்று கேட்டு அனுப்பினார்கள். அப்படி அன்று மத்தியானமும் சமையலறை மூலையில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பள்ளியின் பி.டி. டீச்சர் பர்வீன் மிஸ்ஸுக்குப் போன் செய்தாள். நேத்ராவுக்குக் கால் சரியில்லை மிஸ், டாக்டர் ஓடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், நீச்சல் மட்டும் பரவாயில்லையாம். அவ்வளவு மெல்லிய குரலில் எதைச் சொன்னாலும் பாதி பொய் போலத்தான் இருக்கும். பொய் சொல்வதற்கு அது வசதியாக இருந்தது. மிஸ் பதறிப்போய், பாவம்மா, நான் பார்த்துக்கறேன், அவளைக் கஷ்டப்படுத்த மாட்டேன், என்றார். அதோடு நின்றிருக்கலாம். சாயங்காலம் நேத்ரா வந்ததும் அவளிடம் வேறொன்றைச் சொன்னாள். மிஸ் போன் பண்ணாங்க, இந்த வருஷம் டீம்ல ஒன்பதாவது பொண்ணுங்களைத்தான் எடுக்கறாங்களாம், எட்டாவதுக்கு இடம் இல்லையாம். நேத்ரா ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சரிம்மா, என்றாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த 'சரிம்மா' இப்போது மூன்று வாரமாகக் காதில் நிற்கிறது. பெண் ஏன் அழவில்லை. ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பத்தைச் சுற்றித் திரும்புவதில் ஒன்பதாவது பிள்ளைகளையே முந்துகிறவள், தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தினமும் அந்த மைதானத்தைக் கடந்து வகுப்புக்குப் போகிறாளே, என்ன நினைத்துக்கொண்டு போகிறாள்.

விசில் ஊதியது. பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் அடித்துப் போனார்கள். நேத்ராவின் கால்கள். பர்வீன் மிஸ் ஒருதரம் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார், 'உங்க பொண்ணு தண்ணியில வேகமா திரும்பறான்னு சொல்றீங்களே, அது எங்க கத்துக்கிட்டதுன்னு நினைக்கறீங்க? இந்த மண்ணுலதான். நின்னு, மடங்கி, உதைச்சுக் கிளம்பறது. பிள்ளைங்க நாலு விதமா ஓடணும்மா, அப்பத்தான் உடம்பு யோசிக்கும். வளர்ற வயசுல ஒரே மாதிரி கையைச் சுத்திக்கிட்டே இருந்தா தோள் என்னத்துக்கு ஆகும்?' அமுதவல்லி அப்போது சிரித்துத் தலையாட்டினாள். கோ-கோ டீச்சர் கோ-கோவுக்குப் பேசாமல் வேறு எதற்குப் பேசுவார். ஆனால் ஸ்டாப்வாட்சுக்கு அப்படிப் பட்சம் கிடையாது. மூன்று வாரமாக அவள் திருப்பங்களைத் தனியாகக் கவனிக்கிறாள். நேத்ரா சுவரை நெருங்குகிறாள், உருளுகிறாள், பாதம் சுவரில் படுகிறது, அங்கே ஒரு கணம் நிற்கிறது. முன்பெல்லாம் நிற்காது. யாரோ துரத்துகிற மாதிரி உதைத்துக்கொண்டு வருவாள். இப்போது யாரும் துரத்தவில்லை. ரிச்சர்ட் சார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், முட்டை குடுங்க மேடம் என்றார். தினமும் இரண்டு முட்டை. முட்டையால் ஆகிற காரியமா இது. நாளைக்குச் சனிக்கிழமை, ஜோனல் கோ-கோ போட்டி. நாளைக்கு என்பது நேத்ராவுக்குத் தெரியும், தெரியாமலிருக்க முடியாது, காலையில் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகள் எல்லாம் அவள் பள்ளிதான். அவள் சிநேகிதி அந்த ஹரிப்பிரியா வாரத்தில் நான்கு நாள் வீட்டுக்கு வருவாளே, வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வருவாள், பின்கட்டில் இருவரும் வாயைப் பொத்திப் பொத்திச் சிரிப்பார்கள், மூன்று வாரமாக அவளும் வரக் காணோம்.

குளத்தைப் பார்த்தாள். இரண்டாவது தடத்தில் யாரும் இல்லை. நேத்ராவின் பலகை மட்டும் தனியாக மிதந்தது. மஞ்சள் தொப்பிகளை எண்ணினாள், மூன்று, நான்கு. நேத்ராவின் தொப்பி சிவப்பு. சிவப்பு இல்லை. பாத்ரூமுக்குப் போயிருப்பாள். போனால் ஏணியில் ஏறியிருக்க வேண்டும், ஏணிப்பக்கம் ஈரத்தடம் இல்லை. ரிச்சர்ட் சார் சின்னப் பையன்கள் பக்கம் திரும்பி நின்றார். கீழ்ப்படியில் சிரித்தார்கள். அமுதவல்லி எழுந்துவிட்டாள், எழுந்தது அவளுக்கே தெரியவில்லை, கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, எப்போது அழுத்தினாளோ. கூப்பிட வேண்டும். நேத்ரா என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கத்துவது எப்படி என்று தொண்டைக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் கத்தாத தொண்டை. நீலத்துக்கு அடியில், தூரத்துச் சுவரோரம், ஏதோ கறுப்பாகக் குந்தியிருந்தது. அவள் மூன்று படிகளை ஒன்றாகத் தாண்டி இறங்கினாள், யாருடைய டப்பாவோ காலில் பட்டு உருண்டது. அப்போது சிவப்புத் தொப்பி மேலே வந்தது. நேத்ரா சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள், மூச்சு வாங்கினாள், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. உருண்ட டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, மன்னிச்சுக்குங்க, என்று அமுதவல்லி முணுமுணுத்தாள். அந்த அம்மாள், பரவாயில்லீங்க, உக்காருங்க, என்று இடம் விட்டாள். உட்காராமல் மேலேயே ஏறிப் போனாள். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடியது. அதை நிறுத்த அவளுக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் அடியில் இருந்தாள் என்று அது சொல்லிவிடும்.

ஒதுக்கீடு, மேஜை, பச்சை ஃபைல். எல்லாம் நிஜம்தான். ஆனால் முழு நிஜமா. நான்காவது படியில் உட்கார்வதற்குள் இன்னொன்றும் மேலே வந்துவிட்டது, அதைத் தடுக்க அவளிடம் தெம்பு இல்லை. கோ-கோ இருக்கிற நாட்களில் நேத்ரா ஆறரைக்குத்தான் வருவாள். நான்கிலிருந்து ஆறரை வரை அந்த வீட்டில் அவளும் ஒரு தூக்கமும். நீச்சல் நாட்களில் ஸ்கூட்டர். பொன்மலையிலிருந்து இருபத்தைந்து நிமிஷம், திரும்பி வர இருபத்தைந்து நிமிஷம். லாரி சத்தத்துக்கு மேலே பெண் கத்திக் கத்திக் கதை சொல்லுவாள், கணக்கு மிஸ் தும்மியது, யாரோ டிபன் பாக்ஸில் பல்லி விழுந்தது, இவளும் தலையைச் சாய்த்து என்ன என்ன என்று கேட்பாள், இடுப்பில் அந்த இரண்டு கை. வாரத்தில் மூன்று நாள் இருந்ததை ஆறு நாள் ஆக்கிக்கொண்டாள். அதுதான். ஆறு நாளும் கிடைத்தது. மூன்று வாரமாக அந்தக் கை இடுப்பில் இல்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. லாரிகள் போகின்றன. பின்சீட்டில் பேச்சு இல்லை.

ஆறு மணிக்கு விசில். பிள்ளைகள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் பக்கத்தில் அமுதவல்லி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நேத்ரா பையை முன்னால் வைத்தாள்.

"தண்ணிக்குள்ள என்ன பண்ணிட்டிருந்த?"

"சும்மா. எவ்வளவு நேரம் இருக்க முடியுதுன்னு பார்த்தேன்."

"நான் பயந்துட்டேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா."

நேத்ராவின் கூந்தலிலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டியது. அமுதவல்லி சாவியைப் போடவில்லை.

"நேத்ரா, பர்வீன் மிஸ் எனக்குப் போன் பண்ணல. நான்தான் பண்ணேன். உனக்குக் கால் சரியில்லன்னு சொன்னேன். உன்னை டீம்லேர்ந்து எடுக்கச் சொன்னது நான்."

நேத்ரா துண்டைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மறுநாளே. மிஸ் வந்து, கால் எப்படிம்மா இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வலிக்குது மிஸ்னு சொன்னேன். எந்தக் கால்னு கேட்டாங்க. நீ எதைச் சொல்லியிருந்தியோ எனக்குத் தெரியாதுல்ல. இடதுன்னு சொல்லிட்டேன்."

அமுதவல்லிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, நொண்டிக்கிட்டே இருக்கேன். கேட்லேர்ந்து கிளாஸ் வரைக்கும். மாடி ஏறறப்ப கம்பியைப் பிடிச்சுக்குவேன்." அடையாள அட்டை தொலைந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். "ஒருநாள் மறந்துபோய் வலதை நொண்டிட்டேன். ஹரிப்பிரியாதான் பின்னாடிலேர்ந்து, ஏய், கால் மாறிடுச்சுன்னு சொன்னா."

"அவளுக்குத் தெரியுமா?"

"கண்டுபிடிச்சுட்டா. யார்கிட்டயும் சொல்ல மாட்டா. ஆனா என்கூட இப்ப அவ்வளவா பேசறதில்ல."

மூன்று வாரம். சனி ஞாயிறு போகப் பதினைந்து நாள். தினமும் அந்தக் கேட்டில் இறக்கிவிட்டு இவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள், திரும்பிப் பார்த்ததில்லை, முதுகுக்குப் பின்னால் இந்தக் குழந்தை இடது காலை இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறது. அம்மா சொன்ன பொய் கீழே விழாமல் பதினைந்து நாள் தாங்கியிருக்கிறது. பிறகு சாயங்காலம் வந்து, அதே காலால் சுவரை உதைத்திருக்கிறது.

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

நேத்ரா யோசித்தாள். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள். "அன்னிக்குக் கேக்கலாம்னு வந்தேன். அப்பா தூங்கிட்டிருந்தாங்க."

சாலையில் பஸ் ஒன்று போயிற்று. அமுதவல்லி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"வேணாம்மா. இன்னும் ரெண்டு வாரம் நொண்டிட்டு, சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கறேன். மிஸ் உன்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமலிருந்தால் நல்லது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. எடுத்தார்.

"மிஸ், நான் நேத்ராவோட அம்மா பேசறேன். அவ காலுக்கு ஒண்ணுமில்ல மிஸ். ரெண்டு காலும் நல்லா இருக்கு. டாக்டர்கிட்ட போகவே இல்ல. நான் பொய் சொன்னேன். அவ என்னைக் காட்டிக்கொடுக்காம இருக்கத்தான் நொண்டினா." தன் குரல் இவ்வளவு உரக்க வருவது அவளுக்கே வித்தியாசமாக இருந்தது. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பர்வீன் மிஸ் களைத்த குரலில் பேசினார். "மூணு வாரமா அந்தப் பிள்ளையை நிழல்ல உக்கார வச்சிருக்கேன்மா. நோட்டுல கணக்குப் போட்டுக்கிட்டு, ஆடற பிள்ளைங்களையே பார்த்துக்கிட்டிருக்கும். எனக்கு மனசே கேக்கல." மூச்சை இழுத்துவிட்டார். "நாளைக்கு ஆட முடியாது. பேர் குடுத்தாச்சு, அவ இடத்துல ஜெசிமா ஆடறா. ஜெசிமாவை இனிமே எடுக்க மாட்டேன், அது நியாயம் இல்ல. அடுத்த வருஷம் பார்ப்போம். நேத்ரா வர்றதுன்னா வரட்டும், பிள்ளைங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கட்டும். ஏழு மணிக்கு பஸ்."

அமுதவல்லி அதை அப்படியே சொன்னாள், எதையும் மாற்றாமல், ஜெசிமா பேரையும் சேர்த்து. நேத்ராவின் கீழுதடு ஒருதரம் உள்ளே போய் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. "ஜெசிமா நல்லா ஆடுவா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்குக் காலைல இங்க ப்ராக்டிஸ் இருக்கே," என்றாள்.

"உனக்கு எதுக்குப் போகத் தோணுதோ அதுக்குப் போ. நான் எதையும் சொல்லல."

"சார் கோவிச்சுக்குவார்."

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"வேணாம், நீ இரு. நானே சொல்றேன்."

நேத்ரா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்து வாசலை நோக்கி நடந்தாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த பஸ் கிளம்பும், பிரபாகர் எட்டுக்கு வந்து படுப்பார், கீல்களுக்கு எண்ணெய் விட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. என்ன செய்வது அவ்வளவு நேரத்தையும் என்று அமுதவல்லிக்குத் தெரியவில்லை. வேப்பமரத்திலிருந்து வாசல் வரை அறுபது எழுபது அடி இருக்கும். அவள் வேறெதையும் பார்க்கவில்லை, பெண்ணின் செருப்புப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், இடது, வலது, இடது, ஒவ்வொன்றும் முழுசாகத் தரையில் படுகிறதா என்று.